கைபேசியும் இருப்பிடத் தனியுரிமையும்: வேலூர் வட்டாரப் பயனர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கைபேசியில் ‘லொக்கேஷன்’ வசதியை அணைத்துவிட்டால், நான் இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது அல்லவா?

தெரியும். நீங்கள் அணைப்பது கைபேசிக்குள் இருக்கும் செயலிகளுக்கான கதவை மட்டுமே. ஜிபிஎஸ் என்பது செயற்கைக்கோள்களிலிருந்து வரும் சமிக்ஞையைக் கைபேசி வாங்கித் தன் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளும் முறை. கைபேசி செயற்கைக்கோளுக்கு எதையும் திருப்பி அனுப்புவதில்லை. ஆகவே ஜிபிஎஸ்ஸால் தனியுரிமைக்குக் கேடில்லை. அது கணக்கிட்ட விடையை ஒரு செயலி எடுத்து வெளியே அனுப்பும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

செல்போன் கோபுரத்தின் கணக்கு வேறு. உங்களுக்கு ஓர் அழைப்பு வந்தால், அதை எந்தக் கோபுரத்தின் வழியாக அனுப்புவது என்பது சேவை நிறுவனத்திற்குத் தெரிந்திருக்க வேண்டும். நாடு முழுவதிலும் உள்ள கோபுரங்களிலெல்லாம் உங்களைத் தேடுவது இயலாது என்பதால், பல கோபுரங்களை ஒரு வட்டாரமாகத் தொகுத்து, நீங்கள் எந்த வட்டாரத்தில் இருக்கிறீர்கள் என்பதை மட்டும் வலையமைப்பு குறித்து வைத்துக்கொள்கிறது. அழைப்பு வந்ததும் அந்த வட்டாரத்தின் கோபுரங்கள் உங்கள் அடையாளத்தைக் கூவுகின்றன. ஆடிக்கிருத்திகையன்று இரத்தினகிரியில் கூட்டத்தில் பிரிந்தவரை ஒலிபெருக்கியில் அழைப்பதைப் போன்றதுதான் இது. உங்கள் கைபேசி பதில் சொன்ன கணத்தில், எந்தக் கோபுரத்தின் கீழ் இருக்கிறீர்கள் என்பது பதிவாகிவிடுகிறது. இதைத் தடுத்தால் அழைப்பே வராது. ஆகவே, வலையமைப்பிடமிருந்து முழுவதுமாக மறைந்துகொள்ள வழி உண்டா என்று ஆராய்வதைவிட, அதற்குத் தெரிந்தது வேறு யாருக்குப் போகிறது, எத்தனை காலம் தங்குகிறது என்று கேட்பதே பயனுள்ளது.

கோபுரத்தை வைத்து எவ்வளவு துல்லியமாக இடத்தைச் சொல்ல முடியும்?

பொதுவாக ஒரு கோபுரம் மூன்று திசைப் பிரிவுகளாக இயங்கும். எந்தப் பிரிவு என்பது தெரிந்தாலே திசை தெரிந்துவிடுகிறது. சமிக்ஞை சென்று திரும்பும் நேரத்தைக் கொண்டு தொலைவையும் கணிக்கலாம்: அந்த அளவீட்டில் ஒரு படி என்பது 2ஜியில் சுமார் 550 மீட்டர், 4ஜியில் சுமார் 78 மீட்டர். அண்டைக் கோபுரங்களின் அளவீடுகளும் சேர்ந்தால் இடம் இன்னும் குறுகும்.

ஆனால் மீட்டர் கணக்கு பாதி உண்மைதான். வேலூர் லாங் பஜாரில் கோபுரங்கள் நெருக்கமாக இருப்பதால் உங்கள் இடம் ஒரு சில தெருக்களுக்குள் அடங்கிவிடும். எனினும் அந்தத் தெருக்களில் அதே நேரத்தில் ஆயிரக்கணக்கானோர் இருப்பார்கள். ஜவ்வாது மலையில் பீஞ்சமந்தைப் பக்கம் ஒரு கோபுரத்தின் எல்லை பல கிலோமீட்டர் விரியலாம். ஆயினும் இரவு இரண்டு மணிக்கு அந்த எல்லைக்குள் வெளியூர் எண் ஒன்று தென்பட்டால், அது யாருடையது என்று ஊரார் எவரும் சொல்லிவிடுவார்கள். இருப்பிடத் தனியுரிமையை மீட்டரால் அளப்பதை விட, உங்களோடு சேர்த்து எண்ணத் தக்கவர்கள் எத்தனை பேர் என்பதால் அளப்பதே சரி என்பது என் கருத்து. கீழே வரும் பல விடைகளுக்கும் இந்தக் கருத்தே அடிப்படை.

கிறிஸ்டியான்பேட்டை தாண்டிச் சித்தூர் சாலையில் போகும்போது ஆந்திர வலையமைப்புக்கு மாறிவிட்டதாகச் செய்தி வருகிறது. இதனால் என்ன பதிவாகிறது?

நீங்கள் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்திலிருந்து (வட்டம் என்பது சேவைக்காக வகுத்த நிலப்பகுதி) ஆந்திர வட்டத்திற்குள் நுழைந்தீர்கள் என்பதும், அதன் நேரமும். எல்லையையொட்டிய ஊர்களில் வீட்டை விட்டு நகராமலேயே கைபேசி இரு வட்டங்களுக்கும் இடையே தாவுவது உண்டு. எனவே அத்தகைய பதிவு ஒன்றை மட்டும் வைத்து ஒருவர் மாநில எல்லையைக் கடந்தார் என்று முடிவு கட்டுவது தவறாகப் போகலாம்.

கோபுரம் என் பெயரைக் கூவுகிறது என்றால், அதை வழியில் இருப்பவர் எவரும் ஒட்டுக்கேட்கலாமே?

நல்ல கேள்வி, வலையமைப்பை வடிவமைத்தவர்களுக்கும் இது தோன்றாமல் இல்லை. ஒவ்வொரு சிம்மிலும் ஐஎம்எஸ்ஐ என்னும் நிலையான எண் இருக்கிறது. அது 15 இலக்கங்கள் வரை நீளும். அந்த எண்ணை ஒவ்வொரு முறையும் காற்றில் விட்டால் யாரும் பின்தொடரலாம் என்பதால், 2ஜி காலத்திலேயே டிஎம்எஸ்ஐ என்னும் தற்காலிக எண்ணை வலையமைப்பு வழங்கி, அதைக் கொண்டே அழைக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது.

ஏற்பாட்டில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. தற்காலிக எண்ணை நீண்ட நேரம் மாற்றாமல் விட்டால் அதுவே நிலையான அடையாளம் போல ஆகிவிடும். எப்போது மாற்றுவது என்பது சேவை நிறுவனத்தின் கையில் இருக்கிறது. இரண்டாவது ஓட்டை இன்னும் பெரியது. 2ஜியில் வலையமைப்பு சிம்மைச் சோதிக்கும். சிம் வலையமைப்பைச் சோதிக்காது. ஆகவே போலிக் கோபுரம் ஒன்றை வைத்துக்கொண்டு, “தற்காலிக எண் தெரியவில்லை, நிலையான எண்ணைச் சொல்” என்று கேட்டால் கைபேசி சொல்லிவிடும். 3ஜியில் இருதரப்புச் சோதனை வந்தது. ஆயினும் அந்தச் சோதனைக்கு முன்பாகவே நிலையான எண்ணைக் கேட்கும் வழி 4ஜியிலும் மூடப்படவில்லை.

போலிக் கோபுரங்கள் பெரும்பாலும் கைபேசியை 2ஜிக்கு இறக்கிவிட்டே வேலையைச் செய்கின்றன. ஆண்ட்ராய்டு 12 முதல், ஆதரவுள்ள கைபேசிகளில் 2ஜியை அணைத்துவைக்கும் தெரிவு உண்டு. ஐபோனில் ‘லாக்டவுன் மோட்’ அதைச் செய்கிறது. மலைப்பகுதிக்கு அடிக்கடி செல்பவர்கள், அங்கே 2ஜி மட்டுமே எட்டும் இடங்கள் இருக்கக்கூடும் என்பதை நினைவில் வைத்து இதைப் பயன்படுத்த வேண்டும்.

5ஜிக்கு மாறிவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடுமா?

ஒரு பகுதி தீரும். 2018இல் நிறைவு பெற்ற முதல் 5ஜி தரநிலையில், சிம்மின் நிலையான எண் காற்றில் செல்வதற்கு முன்பே, சேவை நிறுவனத்தின் பொதுத்திறவியைக் கொண்டு மறையாக்கம் செய்யப்படுகிறது; அதாவது, அந்த நிறுவனம் மட்டுமே திறந்து படிக்கும்படி உருமாற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் வெவ்வேறு உருவில் செல்வதால், ஒட்டுக்கேட்பவர் நேற்று கேட்டதையும் இன்று கேட்டதையும் ஒரே ஆளுடையது என்று இணைக்க இயலாது. இதை மூன்று தலைமுறைகளாகத் தள்ளிப்போட்ட வேலை என்றே சொல்வேன்.

ஆனால் இது முழுமையான 5ஜி மையத்தோடு (கோபுரங்களுக்குப் பின்னால் இருந்து பயனர்களின் அடையாளத்தைக் கையாளும் நிறுவனத்தின் நடு அமைப்பு) இணையும்போது மட்டுமே பயன் தரும். இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று 5ஜி தொடங்கியபோது ஜியோ தனித்த மையத்தோடும், ஏர்டெல் 4ஜி மையத்தைச் சார்ந்தும் தொடங்கின. 4ஜி மையத்தைச் சார்ந்த முறையில், திரையில் 5ஜி என்று காட்டினாலும் அடையாளம் கையாளப்படுவது 4ஜி வழக்கப்படிதான். மேலும், மறையாக்கம் எதுவும் செய்யாத ‘வெற்று’ முறை ஒன்றையும் தரநிலை அனுமதிக்கிறது. ஆகவே நிறுவனம் பாதுகாப்பை இயக்கியிருந்தால்தான் அது இருக்கும். கைபேசியின் திரையில் தெரியும் எழுத்து இவற்றில் எதையும் உங்களுக்குச் சொல்லாது.

சிகிச்சைக்காக வெளிமாநிலத்திலிருந்து சிஎம்சி மருத்துவமனைக்கு வருபவர்களுக்குத் தனியான இடர் ஏதேனும் உண்டா?

உண்டு, வேலூரைப் பொறுத்தவரை இதுவே மிக முக்கியமான கேள்வி என்று கருதுகிறேன். மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள் ஆகியவற்றிலிருந்து வருவோர் மருத்துவமனையைச் சுற்றியுள்ள விடுதிகளில் வாரக்கணக்கில் தங்குகிறார்கள். 5ஜி மறையாக்கம் சிம்மின் தனி எண்ணை மறைக்கிறதே தவிர, அதற்கு முன்னால் உள்ள நாட்டு எண்ணையும் வலையமைப்பு எண்ணையும் மறைப்பதில்லை. எந்த நிறுவனத்திற்கு அனுப்புவது என்று தெரிந்தால்தானே செய்தி போய்ச் சேரும்? இந்தியாவின் நாட்டு எண்கள் 404, 405 எனத் தொடங்குகின்றன. அடுத்து வரும் வலையமைப்பு எண் பெரும்பாலும் வட்டத்திற்கு வட்டம் மாறுகிறது. ஆகவே ‘இது வங்காள வட்டத்து சிம்’ என்ற அளவுக்குத் திறந்த நிலையில்தான் இருக்கிறது. காந்தி சாலையில் அத்தகைய சிம்கள் ஏராளம் என்பதால் தனி ஒருவரை அதை வைத்துப் பிரித்தெடுக்க முடியாது. அதே சிம் குடியாத்தம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் இருந்தால் தனித்துத் தெரியும்.

ஆனால் ஆள் தெரியாமல் போவதும் செய்தி தெரியாமல் போவதும் ஒன்றல்ல. ஒருவரின் இடத்தைத் தெளிவின்றிக் காட்டி, அந்தப் பரப்புக்குள் குறைந்தது இத்தனை பேர் இருக்க வேண்டும் என்று விதிக்கும் முறையை 2003இல் மார்கோ குரூட்சரும் டிர்க் குருன்வால்டும் முன்வைத்தார்கள். நூறு பேரில் ஒருவர் என்றால் போதாதா என்று தோன்றும். ஆனால் அந்த நூறு பேரும் ஐடா ஸ்கடர் சாலையில் ஒரே மருத்துவமனை வளாகத்துக்குள் இருந்தால், அவர் யார் என்பது மறைந்தாலும் அவர் மருத்துவமனைக்கு வந்தவர் என்பது மறையவில்லை. எண்ணிக்கையோடு இடங்களின் கலப்பும் வேண்டும்: கோட்டைக்கு வந்த சுற்றுலாப் பயணி, பழைய பேருந்து நிலையத்தில் நிற்பவர், பஜாரில் துணி எடுப்பவர் ஆகியோரும் சேர்ந்த பரப்பாக அது இருந்தால்தான் காப்பு உண்மையானதாகும்.

இது வெறும் ஏட்டுக் கவலையன்று. செயலிகளிடமிருந்து இருப்பிடத் தரவை வாங்கி விற்ற எக்ஸ்-மோட் என்னும் நிறுவனம், மருத்துவ நிலையங்கள், வழிபாட்டிடங்கள் போன்ற அந்தரங்கம் சார்ந்த இடங்களுக்குச் சென்றோரின் தரவை விற்கக் கூடாது என்று அமெரிக்க வணிக ஆணையம் 2024 ஜனவரியில் ஆணையிட்டது.

பெயரையும் எண்ணையும் நீக்கிவிட்டு இருப்பிடத் தரவை ஆய்வுக்குக் கொடுத்தால் தவறில்லையே?

நீக்குவது பெரும்பாலும் போதாது. 15 லட்சம் பேரின் 15 மாதக் கைபேசிப் பதிவுகளை ஆராய்ந்து இவ்-அலெக்சாந்தர் டி மோந்த்ஜோயும் உடன் ஆய்வாளர்களும் 2013இல் வெளியிட்ட கட்டுரையின்படி, எந்தக் கோபுரம், எந்த மணி நேரம் என்ற அளவில் நான்கு இடங்கள் தெரிந்தாலே 95 விழுக்காட்டினரைத் தனித்து அடையாளம் காண முடிந்தது. சத்துவாச்சாரியில் இரவு, காட்பாடி ரயில் நிலையத்தில் காலை, இராணிப்பேட்டை சிப்காட்டில் பகல், ஞாயிறன்று ஸ்ரீபுரம் என்று நான்கைக் குறித்தால், அந்த நான்கும் ஒருசேரப் பொருந்துபவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

இடத்தோடு வேண்டுமென்றே பிழையைக் கலந்து அனுப்பும் முறையும் இருக்கிறது. எவ்வளவு பிழை கலந்தால் எவ்வளவு காப்பு என்பதைக் கணித வரையறையோடு சொல்லும் ஆய்வுகள் 2013 முதல் வந்துள்ளன. ஒருமுறை ‘அருகிலுள்ள மருந்துக்கடை எது’ என்று கேட்பதற்கு இது மிக நன்று. நாள்தோறும் ஒரே வீட்டிலிருந்து கேட்டால், பிழைகள் ஒன்றையொன்று சமன்செய்து, அவற்றின் சராசரி வீட்டு வாசலிலேயே வந்து நின்றுவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் புதிய பிழையைக் கலக்காமல், அடிக்கடி இருக்கும் இடங்களுக்கு ஒரே பிழையை நிலையாக வைத்துக்கொள்வதே நல்ல வடிவமைப்பு.

வெளிநாட்டில் இருப்பவர் கூட என் எண்ணை மட்டும் வைத்து நான் எந்த ஊரில் இருக்கிறேன் என்று அறியலாம் என்கிறார்களே?

எஸ்எஸ்7 என்னும் சமிக்ஞை முறையைப் பற்றிய பேச்சு அது. உலகின் தொலைபேசி நிறுவனங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள வகுக்கப்பட்ட முறை; கேட்பவர் எல்லாரும் நம்பத் தக்கவர்கள் என்ற எண்ணத்தில், நிறுவனங்கள் சிலவாக இருந்த காலத்தில் உருவானது. அதன் வழியாக ஒருவரது கைபேசி எந்தக் கோபுரத்தின் கீழ் உள்ளது என்று கேட்டறிய முடியும் என்பதை டோபியாஸ் எங்கெல் 2014 டிசம்பரில் ஜெர்மனியில் நடந்த கணினிப் பாதுகாப்பு மாநாட்டில் செய்து காட்டினார். 4ஜியில் வந்த மாற்று முறையும் இந்தக் குணத்தைப் பெருமளவு உடன் கொண்டுவந்தது. சந்தேகத்துக்குரிய வினவல்களை வடிகட்டும் தடுப்புகளைச் சேவை நிறுவனங்கள்தாம் வைக்க வேண்டும்; கைபேசியின் அமைப்புகளில் பயனர் செய்யக்கூடியது எதுவும் இல்லை.

நான் போய்வந்த இடங்களின் பதிவு எவ்வளவு காலம் இருக்கும்? காவல்துறை கேட்டால் கொடுப்பார்களா?

அழைப்பு விவரப் பதிவுகளில் கோபுரத்தின் அடையாளமும் அடங்கும். அவற்றைக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம நிபந்தனை திருத்தப்பட்டது; அதற்கு முன்பு அது ஓர் ஆண்டு. குற்ற விசாரணைக்காகச் சட்டப்படி கோரும்போது நிறுவனம் கொடுத்தாக வேண்டும். ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஒரு கோபுரத்தின் கீழ் இருந்த எண்கள் அனைத்தையும் வாங்கும் ‘டவர் டம்ப்’ முறையில், குற்றத்தோடு தொடர்பே இல்லாத, அந்த வழியாகப் பேருந்தில் போனவரின் எண்ணும் பட்டியலில் வரும்.

சட்டத்தின் போக்கைக் காட்டும் தீர்ப்புகள் இரண்டு. தனியுரிமை அடிப்படை உரிமையே என்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று கூறியது. பிணையில் வந்தவர் கூகுள் வரைபடத்தில் தம் இடத்தை விசாரணை அதிகாரிக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று அதே நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று தீர்ப்பளித்தது. அமெரிக்காவில், 127 நாள்களின் கோபுரப் பதிவை நீதிபதியின் ஆணையின்றிப் பெற்றது தவறென்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2018இல் சொன்னது. அத்தகைய முன் ஆணை இங்கும் வேண்டும் என்பது என் நிலைப்பாடு; குறைந்தபட்சம் ‘டவர் டம்ப்’ கோரிக்கைகளுக்காவது.

தோல் தொழிற்சாலையில் வருகைப் பதிவுக்கு இருப்பிடம் கேட்கும் செயலியைப் போடச் சொல்கிறார்கள். மறுக்கலாமா?

ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைப் பக்கங்களிலிருந்து இது அடிக்கடி வருகிறது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில நோக்கங்களுக்கு ஒப்புதல் இன்றியும் தரவைப் பயன்படுத்த முதலாளிக்கு இடம் கொடுக்கிறது. ஆகவே முற்றிலும் மறுப்பது கடினம். அந்தச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாதங்கள் தரப்பட்டுள்ளன. அதுவரை சட்டத்தைவிடக் கைபேசியின் அமைப்பே உடனடித் துணை: ‘செயலியைப் பயன்படுத்தும்போது மட்டும்’ என்ற அனுமதியைத் தாருங்கள். வாயிலில் வருகையைப் பதிய அது போதும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பின்பும் இடத்தை அனுப்பிக்கொண்டிருக்க அது விடாது. ‘எப்போதும்’ என்ற அனுமதியைக் கேட்டு வற்புறுத்தினால், எதற்காக என்று எழுத்தில் கேளுங்கள். ஒருவராகக் கேட்பதைவிடப் பலராகக் கேட்பது நல்லது.

மற்றச் செயலிகளுக்கு எந்த அளவு அனுமதி தரலாம்?

வழிகாட்டும் வரைபடத்துக்கும், வாடகை வண்டி அழைக்கும் செயலிக்கும் துல்லியமான இடம் தேவை. வானிலைக்கும் செய்திக்கும் தேவையில்லை. ஐபோனில் 2020 முதலும் ஆண்ட்ராய்டில் 2021 முதலும் உள்ள ‘தோராயமான இடம்’ என்ற தெரிவு அவற்றுக்குப் போதும். டார்ச் விளக்குச் செயலிக்கும் விளையாட்டுக்கும் எதுவும் வேண்டாம். உடனடிக் கடன் தரும் செயலிகளைப் பொறுத்தவரை, வாடிக்கையாளரைச் சேர்க்கும்போது ஒருமுறை மட்டும், வெளிப்படையான ஒப்புதலோடு இருப்பிடத்தைப் பெறலாம் என்று ரிசர்வ் வங்கி 2022இல் நெறிமுறை வகுத்தது. கடன் முடியும்வரை தொடர்ந்து கேட்கும் செயலி அந்த நெறிக்குப் புறம்பானது.

காட்பாடி ரயில் நிலையத்தின் வைஃபை போன்ற பொது இணைப்புகளில் என்ன நடக்கிறது?

வைஃபை தேடும்போது கைபேசி தன் வன்பொருள் முகவரியை, அதாவது அந்தக் கருவிக்கே உரிய எண்ணை, வெளியிடும். இதை வைத்து ஒருவரைக் கடைக்குக் கடை பின்தொடர முடிந்தது என்பதால், ஐபோனில் 2014 முதல் தேடலின்போது போலி முகவரியும், ஆண்ட்ராய்டு 10இலிருந்து இணையும்போது வலையமைப்புக்கு ஒரு வேறு முகவரியும் இயல்பாகவே பயன்படுகின்றன. ஆனால் இணைவதற்குக் கைபேசி எண்ணைத் தந்து ஓடிபி பெற்ற பிறகு முகவரியை மாற்றி என்ன பயன்? பெயரை நீங்களே கொடுத்துவிட்டீர்கள். இணையாமல் கடந்து செல்வோருக்கே அந்தக் காப்பு உதவும்.

விபிஎன் போட்டால் போதாதா?

போதாது. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தை வேறொரு கணினியின் வழியாகச் சுற்றி அனுப்பும் சேவை; நீங்கள் பார்க்கும் வலைத்தளத்திற்கு உங்கள் ஊர் தெரியாமல் செய்யும். கோபுரத்துக்கும், இருப்பிட அனுமதி பெற்ற செயலிக்கும் அதனால் எந்த மாற்றமும் இல்லை.

விடுதியில் படிக்கும் பிள்ளை எங்கே இருக்கிறான் என்று பெற்றோர் எப்போதும் பார்த்துக்கொண்டிருப்பது சரியா?

தொழில்நுட்பம் அனுமதிக்கிறது என்பதற்காக அது சரியாகிவிடாது. பிள்ளைக்குத் தெரியாமல் வைக்கும் கண்காணிப்புச் செயலி, பெற்றோருக்கு மட்டுமன்றி அதை விற்றவருக்கும் அவனது இடத்தைக் காட்டுகிறது. இரவுப் பேருந்தில் ஊருக்கு வரும்போது வாட்ஸ்அப்பில் நேரலை இருப்பிடத்தைப் பகிரச் சொல்வது இதைவிட மேல்: 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று முடிவு நேரம் அதில் உண்டு, அனுப்புபவர் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம். படங்களைப் பொறுத்தவரை, வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அதில் பதிந்த இடக்குறிப்பு நீக்கப்படும். ஆவணமாக அனுப்பினால் அப்படியே போகும்.

கைபேசி தொலைந்துவிட்டால், அது இருக்கும் இடத்தை எனக்குச் சொல்வார்களா?

சேவை நிறுவனம் உங்களிடம் சொல்லாது. கேட்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்பது அதற்கு எப்படித் தெரியும்? கூகுள், ஆப்பிள் கணக்குகளின் தேடும் வசதியை நீங்களே பயன்படுத்தலாம். அத்துடன் காவல் நிலையத்தில் புகார் அளித்து, அதே எண்ணுக்கு மாற்று சிம் பெற்று, 2023இல் தொடங்கப்பட்ட சஞ்சார் சாத்தி என்னும் அரசுத் தளத்தில் கைபேசிக் கருவிக்கே உரிய ஐஎம்இஐ எண்ணைத் தந்து முடக்கக் கோர வேண்டும். சிம்மை மாற்றினாலும் ஐஎம்இஐ மாறுவதில்லை என்பதால், திருடியவர் வேறு சிம்மைச் செருகும்போது அந்தத் தகவல் காவல்துறைக்குச் செல்லும். ஐஎம்இஐ எண் கைபேசி வந்த பெட்டியின் மேலும் ரசீதிலும் இருக்கும்; இரண்டும் இல்லாதவர்கள், கைபேசி கையில் இருக்கும்போதே *#06# என்று அழுத்தி அதைத் தாளில் குறித்து வைத்துக்கொள்ளலாம்.